மே மாதத்தில் தோற்ற டீம்

சங்க மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, கிரிக்கெட் வேண்டாம் என்று மட்டும் உடனே முடிவு செய்துவிட்டேன். கிரிக்கெட் பற்றிப் பேச நமது சங்கத்தில் குறைந்தது நாற்பது நிபுணர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் மதியச் சாப்பாட்டு வரிசையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள்!

நான் எழுதப் போவது பிரான்ஸ் தேசத்தில் கிளெர்மோன்-ஃபெரான் என்ற ஊரில் இருக்கும் ஒரு ரக்பி கிளப்பின் கதை. டயர்த் தொழிலில் சோறு தின்கிறவனுக்கு அந்த ஊர் காசி மாதிரி. 1889ல் மிச்செலின் சகோதரர்கள் கம்பெனி ஆரம்பித்தது அங்கேதான். இன்று நாம் எல்லோரும் காரில் போட்டுக்கொண்டு ஓட்டுகிற ரேடியல் டயருக்கு 1946ல் காப்புரிமை வாங்கியதும் அந்தக் கம்பெனிதான். நம்ம திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே மிச்செலின்.

அந்தக் கம்பெனியின் தொழிலாளர்களுக்காக 1911ல் மார்செல் மிச்செலின் என்பவர் ஒரு விளையாட்டுக் கழகம் தொடங்கினார். நிறுவனர்களில் ஒருவரான ஆந்த்ரே மிச்செலினின் மகன் இவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் சேர்ந்து, கைதாகி, 1945ல் புக்கன்வால்ட் வதைமுகாமின் கிளை ஒன்றில் உயிர்விட்டார். இன்றும் அந்த ஊர் மைதானத்துக்கு அவர் பெயர்தான். கம்பெனியின் நிறமான மஞ்சளும் நீலமும் கிளப்பின் நிறம். பல காலம் மோன்ஃபெரான் என்று அழைக்கப்பட்ட அந்தக் கிளப், 2004ல் கிளெர்மோன் ஓவெர்ஞ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நான் கிளெர்மோன் என்றே எழுதுகிறேன்.

ரக்பி தெரியாதவர்களுக்கு ஒரு பாரா. பக்கத்துக்குப் பதினைந்து பேர், நீள்வட்டப் பந்து, 80 நிமிடம். பந்தை எதிரியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் அது ட்ரை. இப்போது அதற்கு 5 புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பெனால்டி உதை 3. ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோலும் 3. இவ்வளவு போதும், கதை புரிந்துவிடும்.

பிரான்சின் சாம்பியனுக்குக் கோப்பை கிடையாது, கேடயம். மரப் பலகையில் உலோகத் தகடு பதித்த பெரிய கேடயம். அதைச் செய்தவரின் பெயரால் பிரென்னுஸ் கேடயம் என்பார்கள். 1892ல் நடந்த முதல் ஃபைனலுக்கு நடுவர் யார் தெரியுமா? நவீன ஒலிம்பிக்ஸைத் தொடங்கிவைத்த அதே பியர் தெ கூபெர்தான்!

இந்தக் கேடயத்துக்காகக் கிளெர்மோன் முதன்முதலில் ஃபைனலுக்கு வந்தது 1936ல். நார்போனிடம் 6-3 தோல்வி. அடுத்த வருடமே மறுபடியும் ஃபைனல், வியன் கிளப்பிடம் 13-7 தோல்வி. சரி, ஆரம்பம்தானே என்று விட்டுவிடலாம். பிறகு 1970. லா வூல்ட் என்ற சின்ன ஊரின் டீமிடம் 3-0. அன்றைக்கு ஒரு ட்ரைக்கு 3 புள்ளிதான். 80 நிமிடத்தில் விழுந்தது அந்த ஒரே ட்ரை. 1978ல் பெஸியேயிடம் 31-9. 1994ல் துலூஸிடம் 22-16. 1999ல் துலூஸிடம் 15-11. 2001ல் மறுபடி துலூஸ், 34-22. 2007ல் பாரிஸின் ஸ்தாத் பிரான்ஸே, 23-18. 2008ல் துலூஸ், 26-20. 2009ல் பெர்ப்பிஞான், 22-13.

எண்ணிப் பார்த்தீர்களா? பத்து ஃபைனல், பத்தும் தோல்வி. கடைசி மூன்றும் அடுத்தடுத்த வருடங்களில். பிரெஞ்சுப் பத்திரிகைகள் "சாபம்" என்று எழுதின. நம்ம ஊராக இருந்தால் பூசணிக்காய் உடைத்திருப்போம், மைதானத்துக்கு வாஸ்து பார்த்திருப்போம். "ராசியில்லாத டீம்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்போம்.

எனக்கு இந்த "ராசி" என்ற வார்த்தை பிடிக்காது. ஒரு மெஷின் அடிக்கடி நின்றால், ஃபோர்மன் "ராசியில்லாத மெஷின் சார்" என்பார். அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் பேரிங்கைக் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். அந்த வார்த்தையால் வரும் நஷ்டம் அதுதான். எனவே இந்தக் கிளப்பின் பேரிங்கைக் கொஞ்சம் கழற்றிப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் கணக்கு. பத்து ஃபைனலும் நாணயம் சுண்டுவது போல என்று வைத்தால், பத்திலும் தோற்பதற்கு வாய்ப்பு 1024ல் ஒன்று. பயங்கரம்தான். ஆனால் எதிரே யார் யார் நின்றார்கள் என்று பாருங்கள். 1978ன் பெஸியே, 1971லிருந்து 1984க்குள் பத்து முறை கேடயம் வென்ற டீம். 1994ன் துலூஸ், அந்த வருடம் தொடங்கித் தொடர்ச்சியாக நான்கு முறை சாம்பியன். பத்தில் நான்கு தோல்வி துலூஸ் என்ற ஒரே எதிரியிடம். எதிரிக்கு நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்று வைத்தால், பத்தும் தோற்பது நூற்றில் மூன்று தடவை நடக்கக்கூடிய விஷயமாகிவிடுகிறது. அரிதுதான், ஆனால் மந்திரவாதியைக் கூப்பிட வேண்டிய அளவுக்கு அரிதில்லை.

அடுத்தது, "இவர்களுக்கு ஃபைனல் என்றாலே கை நடுங்கும்" என்ற குற்றச்சாட்டு. அது உண்மையானால் எல்லா ஃபைனலிலும் நடுங்கியிருக்க வேண்டுமே? 1999ல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையான சேலஞ்ச் கோப்பை ஃபைனலில் பூர்குவானை 35-16 என்று அடித்துத் துவைத்தார்கள். 2007 மே மாதம் அதே கோப்பையின் ஃபைனலில், இங்கிலாந்து மண்ணில், பாத் டீமை 22-16 என்று வென்றார்கள். மூன்றே வாரம் கழித்துப் பாரிஸில் கேடயத்துக்கான ஃபைனலில் தோற்றார்கள். அதே ஆட்கள், அதே கோச். கை நடுக்கம் மூன்று வாரத்தில் வரும் வியாதியா?

மூன்று வாரத்தில் வரக்கூடியது வேறு ஒன்று: களைப்பு.

பிரெஞ்சு லீக்கில் பதினான்கு கிளப்புகள். ஒவ்வொன்றோடும் இரண்டு முறை, ஆக 26 ஆட்டம். ஆகஸ்டில் ஆரம்பித்தால் ஜூன் வரை இழுக்கும். நாம் கல்லூரியில் இரண்டு செமஸ்டர் முடித்துவிடுகிற காலம்! இதற்கு இடையில் ஐரோப்பியக் கோப்பை. அந்த நாட்களில் அதற்குக் குழு ஆட்டம் 6. தேறினால் காலிறுதி, அரையிறுதி, ஃபைனல் என்று இன்னும் 3. உள்நாட்டிலும் கடைசிவரை போனால் குறைந்தது 2. மொத்தம் 37. இதற்கு மேல், நல்ல ஆட்டக்காரர்களைப் பிரான்ஸ் தேசிய அணி நவம்பரிலும் பிப்ரவரி, மார்ச்சிலும் கூட்டிக்கொண்டு போய்விடும். அவர்கள் காயத்தோடு திரும்பி வருவார்கள். நூறு கிலோ ஆட்கள் ஓடி வந்து மோதுகிற விளையாட்டு இது. மெக்கானிகல் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஒரே ஒரு பெரிய லோடில் உடையாத உலோகம், சின்ன லோடைப் பல லட்சம் தடவை போட்டால் உடையும். மூன்றாம் வருடம் லேபில் சுழலும் தண்டு பரிசோதனை செய்தோமே, அதேதான். உடைவது கடைசிச் சுற்றில். விரிசல் ஆரம்பித்தது எப்போதோ.

ஆனால், நிறைய ஆட்டம் ஆடுவது யார்? எல்லா இடத்திலும் ஜெயிக்கிறவன்தான். பாதியில் வெளியேறிய டீமுக்கு மே மாதம் கடற்கரையில் கழியும். கிளெர்மோன் மே, ஜூனில் தோற்றதற்கு முதல் காரணம், அவர்கள் மே, ஜூனில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இதை யாரும் சாபம் என்று எழுதுகிறபோது சேர்த்து எழுதவில்லை.

இன்னொன்றும் உண்டு. லீக்கில் முதலிடம் வந்தவர் சாம்பியன் இல்லை. கடைசியில் நாக்-அவுட் வைத்துத்தான் முடிவு. 2008ல் கிளெர்மோன் லீக் பட்டியலில் முதலிடம். பத்து மாத உழைப்புக்குக் கிடைத்தது நேரடி அரையிறுதி இடம் மட்டும். கேடயம் துலூஸுக்குப் போனது. இதில் அவர்கள் மட்டும் அநாதையில்லை. இங்கிலாந்தில் 2003ல் கிளாஸ்டர் டீம் இரண்டாமிடத்தைவிட 15 புள்ளி அதிகம் எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்தது. ஃபைனலுக்காக மூன்று வாரம் சும்மா காத்திருந்தது. வந்த வாஸ்ப்ஸ் டீமிடம் 39-3 என்று தோற்றது. அங்கே களைப்பு இல்லை, துரு!

இந்தத் தோல்விகள் அந்த ஊருக்கு என்னவாக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1999 மே மாதம் துலூஸிடம் நான்கு புள்ளியில் ஃபைனல் போனது. அதே வருடம் செப்டம்பரில் மிச்செலின் கம்பெனி, லாபம் ஏறியிருக்கிறது என்ற அறிவிப்போடு சேர்த்து, மூன்று வருடத்தில் ஐரோப்பாவில் 7,500 வேலைகளைக் குறைக்கப் போவதாகவும் அறிவித்தது. பிரான்ஸ் முழுக்கக் கொந்தளிப்பு. அரசாங்கமே ஆட்டம் கண்டது. அப்பா, தாத்தா எல்லோரும் ஒரே கேட்டில் அட்டை தேய்த்து உள்ளே போன ஊர் அது. வேலை நிச்சயமில்லை, எதிர்காலம் நிச்சயமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போவது மட்டும் நிச்சயம். அப்படிப்பட்டவர்களைப் பார்த்து "உங்கள் டீம் ராசியில்லாதது" என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆலை மூடிய எந்த ஊரிலாவது வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகவே புரியும்.

ஊர் நடுவே ஜோத் சதுக்கம் என்று பெரிய திடல். ரோமானியரை எதிர்த்துப் போரிட்ட வெர்சின்ஜெடோரிக்ஸ் குதிரையில் பாய்கிற சிலை அங்கே இருக்கிறது. நியூயார்க் சுதந்திர தேவியைச் செய்த பார்த்தோல்டியின் கைவண்ணம் அது. ஒவ்வொரு ஃபைனலுக்கும் அங்கே ராட்சதத் திரை வைப்பார்கள், ஜனம் கூடும், தோற்கும், கலையும். அடுத்த வருடம் மறுபடி கூடும். அந்த வெர்சின்ஜெடோரிக்ஸும் கடைசியில் தோற்றவர்தான் என்று வேலை விஷயமாகப் போயிருந்தபோது ஒரு உள்ளூர் நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இப்போது 2010க்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அந்த ஏப்ரலில் டப்ளினில் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி, எதிரி லென்ஸ்டர். ஆட்டத்தைப் பெரும்பகுதி ஆண்டது கிளெர்மோன். ஆனால் உதைக்கும் பொறுப்பிலிருந்த ஆஸ்திரேலியர் பிராக் ஜேம்ஸுக்கு அன்று எதுவுமே சரியாகப் போகவில்லை. பெனால்டி, டிராப் கோல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின. கடைசி நிமிடத்தில் ஜெயிக்கக் கிடைத்த டிராப் கோல் வாய்ப்பும் போயிற்று. 29-28. ஒரு புள்ளி! மறுநாள் பத்திரிகைகள் அந்த மனிதரை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நியூசிலாந்துக்காரரான கோச் வெர்ன் காட்டர் ஜேம்ஸைத் தூக்கி எறியவில்லை. பெனால்டி உதைக்கும் வேலையில் பெரும்பகுதியை இளைஞர் மோர்கன் பாரா பார்த்துக்கொண்டார். ஆட்டத்தை நடத்தும் வேலை ஜேம்ஸிடமே இருந்தது. எந்த பாகம் தேய்ந்ததோ அதற்கு மட்டும் லோடைக் குறைத்தார்கள். மெஷினை ஸ்கிராப்புக்கு அனுப்பவில்லை. அந்த வருடம் லீக்கில் மூன்றாமிடம்தான். அதனால் நேரடி அரையிறுதி கிடையாது, ஒரு நாக்-அவுட் ஆட்டம் கூடுதல். ரேசிங்கை வென்றார்கள். அரையிறுதியில் தூலோனைக் கூடுதல் நேரத்தில் 35-29 என்று வென்றார்கள். 2010 மே 29ம் தேதி பாரிஸில் ஃபைனல். எதிரே, முந்தைய வருடம் தங்களைத் தோற்கடித்த அதே பெர்ப்பிஞான்.

ஃபிஜித் தீவுக்காரர் நலாகா ட்ரை வைத்தார், 19-6 என்று ஆட்டம் முடிந்தது. கேப்டன் ஒரேலியான் ரூஜ்ரி கேடயத்தைத் தூக்கினார். அவருடைய அப்பா ழாக் ரூஜ்ரியும் அதே கிளப்பில் ஆடியவர். முதல் ஃபைனலிலிருந்து 74 வருடம். மைதானத்தில் ஆட்டத்தை நடத்தியவர்? டப்ளினில் தலைகுனிந்து நின்ற பிராக் ஜேம்ஸ். நடுவில் ஏழு வாரம்.

முதலிடம் வந்த வருடம் தோல்வி, மூன்றாமிடம் வந்த வருடம் வெற்றி. ராசிக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

சாபம் தீர்ந்தது, சுபம் என்று கதை முடிந்திருந்தால் சினிமா. முடியவில்லை. சொந்த மைதானத்தில் 2009 நவம்பரில் தோற்றதற்குப் பிறகு 77 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. நாலரை வருடம்! ஆனால் பெரிய ஃபைனல்கள் சொந்த மைதானத்தில் நடப்பதில்லையே. 2013 மே மாதம் டப்ளினில் ஐரோப்பியக் கோப்பை ஃபைனல். தூலோனுக்கு எதிராக 15-6 என்று முன்னிலை. கிட்டத்தட்ட இருபது நிமிடம் பாக்கியிருக்கையில் டெலான் ஆர்மிட்டேஜ் ட்ரை வைக்க, ஜானி வில்கின்சன் உதைத்து முடிக்க, 16-15 என்று போய்விட்டது. மறுபடி ஒரு புள்ளி, மறுபடி டப்ளின். இரண்டு வாரத்துக்குள் உள்நாட்டு அரையிறுதியும் காஸ்த்ர் டீமிடம் 25-9 என்று போனது.

2014 இன்னும் மோசம். ஏப்ரல் 26ல் லண்டனில் சாரசென்ஸிடம் ஐரோப்பிய அரையிறுதி: 46-6. இது ஒரு புள்ளித் தோல்வி அல்ல, நசுக்கல். இரண்டு வாரம் கழித்துச் சொந்த மைதானத்தில் காஸ்த்ரோடு நாக்-அவுட். 22-16 தோல்வி. 77ன் கணக்கு அன்றோடு நின்றது. அத்தோடு எட்டு வருடம் கோச்சாக இருந்த காட்டரும் விடைபெற்று ஸ்காட்லாந்து தேசிய அணிக்குப் போனார். இந்த இரண்டு வாரத்தைப் பற்றி நான் சாக்குச் சொல்லப் போவதில்லை. லண்டனில் விழுந்த அடி உடம்பில் மட்டும் விழுந்ததல்ல. களைப்பும் தோல்வியும் சேர்ந்து வந்தால் ஒன்றை ஒன்று வளர்க்கும்.

2015ல் ஆறு வாரத்துக்குள் இரண்டு ஃபைனல், இரண்டும் தோல்வி: தூலோனிடம் 24-18, ஸ்தாத் பிரான்ஸேயிடம் 12-6. பின்னதில் ஒரு ட்ரைகூட இல்லை, இரண்டு பக்கமும் உதைத்தே தீர்த்தார்கள். அந்த ஆட்டத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று யாரையும் நான் வற்புறுத்த மாட்டேன். 2016ல் அரையிறுதியில் ரேசிங்கிடம் கூடுதல் நேரத்தில் 34-33. மூன்றாவது முறையாக ஒரு புள்ளி!

நமது ஹாஸ்டல் வாலிபால் டீம் மண்டல ஃபைனலில் மூன்று வருடம் தோற்றபோது, நான்காம் வருடம் பெயர் கொடுக்கவே ஆள் வராமல் நோட்டீஸ் போர்டில் காகிதம் காலியாகத் தொங்கியது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கலாம். கிளெர்மோனில் காகிதம் காலியாக இருந்ததில்லை. 2017 மே 13ல் எடின்பரோவில் ஐரோப்பிய ஃபைனல், சாரசென்ஸிடம் 28-17 தோல்வி. வழக்கம்போல ஊர் பெருமூச்சு விட்டது. ஜூன் 4ல் பாரிஸில் கேடயத்துக்கான ஃபைனல், எதிரி தூலோன், 22-16. ஜெயித்தது கிளெர்மோன்! இரண்டாவது கேடயம், மூன்றே வார இடைவெளியில்.

அடுத்த வருடம், 2018ல், நடப்புச் சாம்பியன் காயங்களால் அல்லாடி லீக்கில் ஒன்பதாம் இடத்தில் முடித்தது. நாக்-அவுட்டுக்கே தேறவில்லை. அந்த வருடக் கேடயப் போட்டியில் கிளெர்மோன் எந்த ஃபைனலிலும் தோற்கவில்லை. சாபம் பற்றி ஒரு பத்திரிகையும் எழுதவில்லை. ஜோத் சதுக்கத்தில் திரை கட்ட வேண்டிய வேலையும் இல்லை.

2019ல் திரும்பி வந்தார்கள். மே மாதம் நியூகாசிலில் லா ரோஷெலை 36-16 என்று வென்று சேலஞ்ச் கோப்பையை எடுத்தார்கள். ஜூன் 15ல் கேடயத்துக்கான ஃபைனல். எதிரே நம் பழைய நண்பர் துலூஸ். 24-18, தோல்வி. சதுக்கத்தில் அன்றும் கூட்டம் கூடியிருந்தது.